காய்ச்சலுக்கு முன்னே வரும் செய்தி

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அடைமழை பொழியும் இரவுகளில் நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஏரி நிரம்பித் தளும்பும். ஊர்ப் பெரியவர் சிலர் கையில் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரைமீது நடந்து செல்வர். அவர்கள் பார்வை நீரின்மீது இராது; கரையின் வெளிப்புறச் சரிவின்மீதே இருக்கும். எவ்விடத்திலேனும் மண் ஈரமாகி ஊறுகிறதா, நண்டு வளையின் வழியே நூலிழைபோல் நீர் கசிகிறதா என்பதையே தேடிச் செல்வர். கரை உடைந்த பின் ஆயிரம் பேர் கூடினாலும் ஆவதொன்றுமில்லை. கசிவைக் கண்ட பொழுதே நாலு கூடை மண் போட்டால் ஊர் பிழைக்கும்.

பிறர் உறுப்பைப் பெற்று வாழும் மனிதனின் உடலும் இத்தகையதோர் ஏரிக்கரையே. அங்கே உடைப்பு ஏற்படுமுன் தோன்றும் கசிவைக் கண்டறிய மருத்துவ அறிஞர்கள் பல ஆண்டுகளாக முயன்று வருகின்றனர். அம்முயற்சி எத்தகையது, அதனால் நம் குடும்பங்கள் அறிய வேண்டுவது யாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவர் உறுப்பு மற்றவருக்கு

1954 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் முர்ரே ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய உடன்பிறந்தவருக்குப் பொருத்தினார். உலகில் நிலைத்து வெற்றி பெற்ற முதல் உறுப்பு மாற்று அறுவை அதுவே. அவ்விருவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். ஆகவே ஒருவர் உடல் மற்றவர் உறுப்பை அயலானது எனக் கருதவில்லை. இரட்டையர் அல்லாதோருக்கு இவ்வாய்ப்பு ஏது? உடலின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மருந்துகள் வந்த பிறகே மற்றவர்க்கும் இவ்வழி திறந்தது. முர்ரே 1990 இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் 1971 ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவர் மோகன் ராவ், சிறுநீரக மருத்துவர் ஜானி ஆகியோர் சிறுநீரக மாற்று அறுவையை வெற்றியுடன் நிறைவேற்றினர். 1994 இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற அது வழிவகுத்தது. ஆயினும் மக்கள் உள்ளத்தைத் தட்டி எழுப்பியது 2008 செப்டம்பரில் நிகழ்ந்த நிகழ்ச்சியே. திண்டிவனத்துக்கு வடக்கே திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான அவன் பெற்றோர் தம் மகனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். அவன் இதயம் சென்னை வீதிகளில் காவலர் வழிவிலக்க விரைந்து சென்று, ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. அதன் பின்னரே தமிழக அரசின் உறுப்புக் கொடைத் திட்டம் வேகம் பெற்றது.

இன்று நம் ஊர்களிலும் மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்வோர் உள்ளனர். கொடுத்தவர் தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே உறுப்பு ஈவோரில் பெரும்பாலோர் பெண்களே என்பதை நாம் மறத்தல் ஆகாது. தன் உடலைக் கீறி ஒருத்தி ஈந்த கொடையைக் காப்பது பெற்றவர் கடமை. அவ்விருவரைச் சூழ்ந்த குடும்பத்தின் கடமையுமாகும்.

இருபுறமும் பள்ளம்

அறுவை முடிந்து வீடு திரும்பியவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் சில மாத்திரைகளை விழுங்கியாக வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவை உடலின் காவற்படையை உறங்க வைக்கின்றன. காவற்படை விழித்திருப்பின் புதிய உறுப்பைப் பகையெனத் தாக்கும்; அதனை உறுப்பு நிராகரிப்பு என்பர். ஆனால் உறங்கும் காவலன் உண்மைத் திருடன் வரும்போதும் உறங்கத்தானே செய்வான்? மருந்து குறைந்தால் நிராகரிப்பு. மருந்து மிகுந்தால் தொற்று. இருபுறமும் பள்ளம், நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அப்பாதையில்தான் அந்த மனிதர் நாள்தோறும் நடக்கிறார்.

இதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. நிராகரிப்புக்கு மருத்துவம் மருந்தைக் கூட்டுவது. தொற்றுக்கு மருத்துவம் பெரும்பாலும் மருந்தைக் குறைப்பது. ஒன்றை மற்றொன்றாக மயங்கினால் எண்ணெயை நீரென்று எண்ணித் தீயில் ஊற்றிய கதையாகும். ஆதலால்தான் நடப்பது எது என்பதை முன்கூட்டியே, ஐயமற அறிய வேண்டியுள்ளது.

உள்ளே உறங்கும் பகைவன்

தொற்று என்றவுடன் அது வெளியிலிருந்து வருவது என்றே நாம் எண்ணுகிறோம். மாற்று உறுப்புப் பெற்றவர்களிடத்தே பெருந்தீங்கு செய்யும் வைரஸ்கள் சில வெளியிலிருந்து வருவன அல்ல. அவை நம்முள்ளேயே பல்லாண்டுகளாக உறங்கிக் கிடப்பவை.

அவற்றுள் முதன்மையானது சைட்டோமெகலோ வைரஸ். அது புகுந்த உயிரணு பருத்துத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. நம் நாட்டில் வயது வந்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குழந்தைப் பருவத்திலேயே இது தொற்றியிருக்கும். சிறு காய்ச்சலாக வந்து போயிருக்கலாம். வந்ததே தெரியாமலும் இருக்கலாம். அதன் பின் அது உடலை விட்டு நீங்குவதில்லை. காவற்படை அதனைச் சிறையிட்டு வைக்கிறது. மாற்று அறுவைக்குப் பின் காவல் தளரும்போது சிறைக்கதவு திறக்கிறது. அறுவைக்குப் பின் முதல் ஆறு திங்கள், அதிலும் முதல் மூன்று திங்கள் இடர் மிகுந்த காலம். காய்ச்சல், சோர்வு, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், இரத்தத்தில் வெள்ளணுக் குறைவு ஆகியவை அதன் விளைவுகள். மேலும் அது நிராகரிப்புக்கும் பிற தொற்றுகளுக்கும் வழி திறந்துவிடும்.

மற்றொன்று பி.கே. வைரஸ். இலண்டனில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் இது கண்டறியப்பட்டது. அந்நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே இதற்குப் பெயராயின. அச்செய்தி வெளிவந்த ஆண்டும் 1971. அதாவது, வேலூரில் அந்த முதல் வெற்றி கிட்டிய அதே ஆண்டு! இவ்வைரஸ் சிறுநீரகத்திலேயே தங்கி, வலியோ காய்ச்சலோ தராமல், பொருத்தப்பட்ட உறுப்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். இதனை அழிக்க உறுதியான மருந்து இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அளவறிந்து குறைத்து, காவற்படைக்குச் சிறிது விழிப்பூட்டுவதே இதற்கு முதன்மையான மருத்துவம்.

இத்தகைய பகைவரைக் காய்ச்சலை வைத்து அறியலாகாதா என்று கேட்கலாம். காய்ச்சல் என்பது காவற்படை போரிடும் ஓசை. படை உறங்கும்போது ஓசை எங்ஙனம் எழும்? ஸ்டீராய்டு உண்பவர்க்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் மெலிதாகவே இருத்தல் கூடும். கிரியாட்டினின் அளவை நோக்கலாகாதா? சிறுநீரகக் குடும்பங்கள் ஒன்றையொன்று சந்தித்தால் கேட்கும் முதற்கேள்வியே அதுதான். ஆனால் கிரியாட்டினின் ஏறுவது சிறுநீரகம் ஓரளவு கெட்ட பிறகே. அது உடைப்பின் அளவைச் சொல்லும், கசிவைச் சொல்லாது.

உடல் விடுக்கும் முதற்செய்திகள்

ஆயின் கசிவைச் சொல்வது எது?

முதலாவது, வைரஸையே நேரில் எண்ணிக் காண்பது. கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் பழகிய பி.சி.ஆர். சோதனை இதற்கும் பயன்படுகிறது. மூக்கில் அன்று, இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் எவ்வளவு உள்ளது என்று அளக்கின்றனர். மருத்துவர்கள் இருவழிகளில் ஒன்றைக் கைக்கொள்வர். சிலருக்கு முதற் சில திங்கள்கள் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை முன்தடுப்பாக அளிப்பர். வேறு சிலருக்கு வாரந்தோறும் இரத்தத்தைச் சோதித்து, வைரஸ் ஒரு வரம்பைத் தாண்டியவுடன் மருந்தைத் தொடங்குவர். இவ்விரண்டாம் வழியில் ஒரு வாரம் தவறினால் என்ன என்று எண்ணுதல் ஆகாது. சைட்டோமெகலோ வைரஸ் தடையின்றிப் பெருகினால் ஏறத்தாழ ஒரு நாளில் இருமடங்காகக் கூடும். அவ்வாறு ஏழு நாள் இரட்டித்தால் ஒன்று நூற்றிருபத்தெட்டாகும்.

இரண்டாவது, இன்னும் ஒருபடி முன்னே சென்று, வைரஸை எதிர்கொள்ளும் காவற்படையையே உற்று நோக்குவது. 1957 இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இரு அறிவியலார் ஒரு வியப்பைக் கண்டனர். வைரஸ் புகுந்த உயிரணு தான் மடியுமுன் அண்டை அயலாரை எச்சரிக்கும் ஒரு பொருளை வெளியிடுகிறது. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். எதிர்ப்பொருள்கள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். இவ்வெச்சரிக்கையோ சில மணி நேரத்தில் எழும்.

இவ்வகைச் செய்திகளைப் படிக்கும் முறைகளுள் ஒன்று வருமாறு. நோயாளியின் இரத்தத்தை எடுத்து, அதில் சைட்டோமெகலோ வைரஸின் புரதத் துணுக்குகளைக் கலந்து ஓரிரவு வெதுவெதுப்பில் வைப்பர். இரத்தத்தில் உள்ள டி அணுக்கள் அப்பகைவனை அடையாளம் கண்டால் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அதனை அளந்தால் காவலன் விழித்துள்ளானா, உறங்குகிறானா என்பது புலனாகும். உறங்கும் மறைகாசநோயைக் கண்டறியவும் இதே முறை பயன்படுவது குறிப்பிடத்தக்கது. காவலன் விழித்திருப்பவருக்குத் தடுப்பு மருந்தை நிறுத்தலாம், உறங்குபவருக்கு நீட்டிக்கலாம். எல்லார்க்கும் ஒரே அளவு என்பது போய், அவரவர்க்கு ஏற்ற அளவு என்னும் நிலை இதனால் கைகூடுகிறது.

மூன்றாவது, சிறுநீரில் தோன்றும் ஒரு சிறு புரதம். வெள்ளணுக்களைத் தொல்லை நேர்ந்த இடத்துக்கு அழைக்கும் அதற்கு சி.எக்ஸ்.சி.எல்.10 என்பது பெயர். சிறுநீரகத்தில் அழற்சி தொடங்கும்போது, கிரியாட்டினின் ஏறுமுன்னரே இது சிறுநீரில் மிகுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசி குத்தாமல் அறியலாம் என்பது இதன் சிறப்பு. ஆயினும் நிராகரிப்பிலும் இது மிகும், பி.கே. வைரஸ் தொற்றிலும் மிகும். மணி அடிக்கிறது என்று சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது. ஆதலின் இதனை மட்டும் நம்பி மருந்தை மாற்ற இயலாது.

நான்காவது ஒரு விந்தை. 1997 இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட டார்க் டெனோ வைரஸ் பெரும்பாலோர் உடலில் யாதொரு தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. காவல் தளர்ந்தால் அதன் எண்ணிக்கை கூடும். காவல் இறுகினால் குறையும். தீங்கற்ற இவ்வைரஸின் அளவைக் கொண்டே மருந்து மிகுந்ததா, குறைந்ததா என அறியலாமா என்று ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். வயலில் நத்தைகள் பெருகினால் நீர் மிகுந்துவிட்டது என்று உழவர் அறிவதைப் போன்றது இது.

ஐந்தாவது, மிக எளியது, மலிவானது. சாதாரண இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் வரும் நிணநீர் அணுக்களின் அளவு. இவ்வளவு மிகக் குறைந்திருப்போர்க்கு சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும் வாய்ப்பு மிகுதி என ஆய்வாளர் கண்டுள்ளனர். மருந்துகளாலும் அது குறையும் என்பதால் அதுவே தீர்ப்பன்று. ஆயினும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் எடுக்கத்தக்க ஒரு சோதனைத் தாளில் இத்தகைய குறிப்பு உள்ளது என்பதை நாம் அறிதல் நன்று. அத்தாளை மடித்துப் போட்டுவிடாமல் கோப்பில் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவற்றுள் வைரஸை எண்ணும் சோதனையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையுமே நெடுநாளாக நடைமுறையில் உள்ளவை. ஏனையவை சில பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் பயில்வன. எந்த ஒரு குறியும் தனித்து நின்று முடிவு சொல்வதில்லை. பல குறிகளை ஒருங்கு வைத்து எடைபோடும் மருத்துவரின் அறிவே முடிவு சொல்லும்.

பேருந்தில் ஏறும் நாள்

இவை அனைத்தும் பெருநகர மருத்துவமனைகளின் செய்திகள் அல்லவா, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. அறிவியல் எவ்வளவு முன்னேறினும் அதன் முதற்படி ஒன்றுதான்: நோயாளி குறித்த நாளில் சென்று கையை நீட்ட வேண்டும். நம் வட்டாரத்தார்க்கு அது எளிதன்று. சென்னை திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வேலூருக்குச் செல்வோர் விழுப்புரத்தில் இரயில் ஏறித் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்வர். புதுச்சேரி ஜிப்மர் அண்மையிலுள்ளது. ஆயினும் ஒரு நாள் கூலியும் துணைக்கு வருபவரின் கூலியும் போகும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இம்முறை போகாவிட்டால் என்ன?" என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

அன்பர்களே, இக்கட்டுரை முழுவதும் சொல்ல வந்தது இதுவே: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுக்கும் சோதனையே உயிர் காக்கும் சோதனை. நலமின்றி ஓடிச் சென்று எடுக்கும் சோதனை பெரும்பாலும் உடைப்பை அளக்கும் சோதனையே.

குடும்பத்தார் கருத்தில் கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

டாக்ரோலிமஸ் அளவைச் சோதிக்கும் நாளில் காலை மாத்திரையை உண்ணுமுன் இரத்தம் கொடுக்க வேண்டும். விடியற்காலைப் பேருந்தில் ஏறுமுன் பழக்கத்தால் மாத்திரையை விழுங்கிவிட்டால் அளவு தவறாகக் காட்டும். சென்ற வழி வீணாகும். மாத்திரையைப் பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த உடனே உட்கொள்க.

காய்ச்சல் சிறிதாயினும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி அதனை மறைத்தல் ஆகாது. வலி மாத்திரைகளுள் பல சிறுநீரகத்துக்கு ஊறு செய்வன. வயிற்றுப்போக்கு கண்டால் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அது சைட்டோமெகலோ வைரஸின் குறியாகவும் இருக்கலாம், டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றியும் விடலாம். நாட்டு மருந்தோ வேறு மருந்தோ, எதுவாயினும் மருத்துவரைக் கேளாமல் சேர்த்தலும் நிறுத்தலும் கூடாது. பம்பளிமாஸ் பழம் டாக்ரோலிமஸின் அளவை மாற்றிவிடும். அதனைத் தவிர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மற்றுமொரு கவலை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டத்தார் எளிதில் மறவார். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, இரயில்கள் நின்றன. அரசூரில் நெடுஞ்சாலைமீதே வெள்ளம் ஓடியது. அத்தகைய நாளில் மாத்திரைப் பெட்டி காலியாக இருந்தால் என்ன ஆகும்? ஆகவே ஐப்பசி பிறக்குமுன்னரே குறைந்தது இரு வாரத்துக்கான மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி, நனையாத டப்பாவில் வைத்திருத்தல் நலம். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தலும் நலம்.

இறுதியாக, உற்றார் உறவினருக்கு ஒரு சொல். அறுவை முடிந்து வந்தவரைக் காணக் கூட்டமாகச் செல்வது நம் வழக்கம், அன்பின் அடையாளம். ஆனால் முதற் சில திங்கள்கள் வாயிலில் நின்று நலம் கேட்டுத் திரும்புவதே உண்மை அன்பு. சளியும் இருமலும் உள்ளவர் அவ்வீட்டுக்குச் செல்லாதிருப்பதே அவர் செய்யும் உதவி. "நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று கேட்பவர் அறியாமல் ஒரு கரையை வெட்டுகிறார். "இந்த வாரம் சோதனைக்குப் போக வேண்டுமே, துணைக்கு நான் வரவா?" என்று கேட்பவரோ கரையில் ஒரு கூடை மண் போடுகிறார்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வெள்ளம் வருமுன் அது எங்கே கசியும் என்பதையும் இன்று அறிவியல் சிறிது சிறிதாகக் கற்று வருகிறது. ஒருவர் ஈந்த உறுப்பு இன்னொருவர் உடலில் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்வதற்கு அறுவைக் கத்தி ஒருநாள் வேலை செய்தால் போதும். அதன் பின் நாள்தோறும் வேலை செய்ய வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே. கையில் விளக்குடன் கரைமீது நடக்கும் அந்த ஊர்ப் பெரியவர்களைப்போல, உறங்காது விழித்திருப்போமாக.